கம்பெனி லேப்டாப் என்றால் எதையும் பார்க்கலாமா?

ஓஎம்ஆர்வாசி: கம்பெனி லேப்டாப் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்கலாம், தட்டச்சு செய்வதை எல்லாம் பதிவு செய்யலாம், யாரும் கேட்கக் கூடாது என்று பழைய_டீம்லீட் சார் நேற்று தீர்ப்பே எழுதிவிட்டார். 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒன்பது பேரும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்களே, அது ஆபீஸ் வாசலோடு நின்றுவிடுமா?

பழைய_டீம்லீட்: அந்த வழக்கு அரசுக்கு எதிரானது. உங்கள் கம்பெனி அரசா? ஒரே கேள்விதான் கேட்டேன்: லேப்டாப் யாருடையது?

தறிநாடா: அமேசானின் பிரான்ஸ் கிடங்குகளில் தொழிலாளி கையிலுள்ள ஸ்கேனர் பத்து நிமிடம் சும்மா இருந்தால் கணக்கில் ஏறியது. ஒன்றை ஸ்கேன் செய்து 1.25 விநாடிக்குள் அடுத்ததைச் செய்தாலும் தப்பு என்றார்கள்! 2023 டிசம்பரில் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.2 கோடி யூரோ அபராதம் போட்டது. ஸ்கேனர் மட்டும் தொழிலாளி வீட்டிலிருந்து கொண்டுவந்ததா?

பழைய_டீம்லீட்: பிரான்ஸ் சட்டம் சோழிங்கநல்லூரில் செல்லாது தம்பி. நம் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 7ஆம் பிரிவு. வேலை தொடர்பான தேவைக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காக்கவும் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாளலாம். படிக்காமல் சண்டைக்கு வராதீர்கள். அப்புறம், லேப்டாப் யாருடையது? பதிலைக் காணோம்.

ஓஎம்ஆர்வாசி: அதே பிரிவில் உதாரணமாகச் சொல்லியிருப்பது தொழில் ரகசியம், கார்ப்பரேட் உளவு. நான் கழிவறைக்குப் போய்வந்த நேரம் எந்தத் தொழில் ரகசியம் சார்?

தறிநாடா: ருமேனியாவில் பெர்புலெஸ்கு என்பவரின் ஆபீஸ் சாட்டைக் கண்காணித்து, சொந்த விஷயம் பேசினார் என்று 2007இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அந்த சாட் கணக்கைத் தொடங்கச் சொன்னதே முதலாளிதான். இருந்தும் 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

பழைய_டீம்லீட்: அந்தத் தீர்ப்பும் கண்காணிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. பாதியை மறைப்பது உங்களுக்குப் பழக்கம். 2022இல் வேறு கம்பெனிக்கும் வேலை பார்த்தார்கள் என்று விப்ரோ 300 பேரை நீக்கியபோது அந்த இரட்டை வேலைக்குக் கொடி பிடித்தவர்தானே நீங்கள்? கண்காணிப்பு ஏன் கசக்கிறது என்று இப்போது புரிகிறது.

ஓரமா_ஒருத்தன்: மவுஸைத் தானாக ஆட்டும் கருவி ரிச்சி தெருவில் கிடைக்குமா? அவசரம்.

பழைய_டீம்லீட்: வாங்குங்கள். விசைப்பலகையில் வேலை செய்வதுபோல் நடித்தவர்களை 2024இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி வீட்டுக்கு அனுப்பியது. அதைச் செருகப்போவதும் யார் லேப்டாப்பில்?

தறிநாடா: விப்ரோ விஷயத்தில் நான் கொடி பிடித்தேனா? எங்கே, அந்தப் பதிவை எடுத்துப் போடுங்கள் பார்க்கலாம். போடாமல் வேறு பேச்சு வேண்டாம்.

பழைய_டீம்லீட்: அழித்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்?