எச்எம்-10 ப்ளூடூத்: 20 பைட்டில் தமிழ் எழுத்து உடைகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மாடித் தொட்டி நிரம்பியதும் போனில் தமிழில் செய்தி வரவேண்டும். ஆர்டுயினோ உனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையுடன் எச்எம்-10 வகை ப்ளூடூத் மாட்யூலை இணைத்திருக்கிறேன். ஐபோனிலும் வேண்டும் என்பதால் எச்சி-05 என்ற இன்னொரு ப்ளூடூத் மாட்யூல் ஆகாது. அதன் பழைய வகை சீரியல் இணைப்பை ஐபோன் ஏற்காது.

மின்னழுத்தத்தைக் குறைக்க, உனோவின் டிஎக்ஸிலிருந்து (அனுப்பும் முனை) 1 கிலோ ஓம் மின்தடை, அங்கிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், நடுப்புள்ளி மாட்யூலின் ஆர்எக்ஸுக்கு (பெறும் முனை). சீரியல் வேகம் 9600 பாட். ஏடி கட்டளையின் (மாட்யூலின் அமைப்பை மாற்றும் கட்டளை) முடிவில் சிஆர், எல்எஃப் என்ற வரிமுடிவுக் குறிகள் இரண்டும் இருந்தால்தான் பதில் வருகிறது, ஆக இது அசல் எச்எம்-10 அல்ல, நகல் மாட்யூல்தான்.

இணைப்பு நன்றாக நிற்கிறது. ஆங்கிலமும் எண்ணும் சரியாக வருகின்றன. சிக்கல் தமிழில்தான். மாட்யூல் ஒரு தடவைக்கு 20 பைட்தான் அனுப்பும். எழுத்தை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, துணைக்குறி, புள்ளி தனித்தனியே) 3 பைட். "நீர் நிரம்பியது" மொத்தம் 43 பைட். 20ஆவது பைட்டில் 'ர' இரண்டாக அறுந்து, போனில் கேள்விக்குறிதான் தெரிகிறது.

போன் செயலியை ஆப் இன்வென்டரில் (பிளாக்குகளை அடுக்கி செயலி செய்யும் கருவி) செய்கிறேன். அதில் சரமாகப் (எழுத்துத் தொடராக) பெறாமல் பைட்டுகளாகவே பெற்று, புதுவரிக் குறி (10) வரும்வரை பட்டியலில் சேர்த்து, பிறகு மொத்தமாக எழுத்தாக்குவதே சரி என்று படுகிறது. பைட் பட்டியலைத் தமிழ்ச் சரமாக்கும் பிளாக் அமைப்பு யாரிடமாவது இருந்தால் படம் போடுங்கள். "1" என்று மட்டும் அனுப்பி போனிலேயே வாக்கியம் வைக்கலாம்தான். ஆனால் செய்தியை உனோவிலேயே மாற்ற முடியவேண்டும்.