டம்ப் பாக்ஸ் காலியாக இருந்த ராத்திரி

சர்க்யூட் போர்டில் பாகங்களை எடுத்து வைக்கும் பிக் அண்ட் பிளேஸ் மெஷினில் பிக் எரர், அதாவது பாகத்தை எடுக்க முடியாத கோளாறு, வந்தால் எல்லாரும் முதலில் கை வைப்பது பாகத்தை உறிஞ்சி எடுக்கும் நாசிலில்தான். நானும் அப்படித்தான் செய்தேன். ஒரு ராத்திரி ஷிஃப்டே அதில் போய்விட்டது.

அன்று ஓடியது 0201 என்ற அளவு ரெசிஸ்டர்கள் நிறைய உள்ள போர்டு. ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. நீளம், 0.3 மி.மீ. அகலம். உள்ளங்கையில் கொட்டினால் மிளகுத்தூள் போலக் கிடக்கும், மூச்சு பட்டாலே பறந்துவிடும். குழிகளில் பாகங்கள் வைத்த டேப்பை நகர்த்தித் தருவது ஃபீடர். நள்ளிரவு தாண்டியதும் ஒரே ஃபீடரில் அலாரம் வர ஆரம்பித்தது. நாசிலைக் கழற்றிக் கழுவினேன், வேக்குவம் ஃபில்டரை மாற்றினேன். பிக் உயரத்தையும் சற்று இறக்கினேன். கடைசியில் ஃபீடரையே மாற்றிப் போட்டேன். பத்து நிமிஷம் ஒழுங்காக ஓடும், திரும்பவும் அலாரம்.

காலை ஷிஃப்டுக்கு வந்த அக்கா மெஷினைத் தொடவே இல்லை. "டம்ப் பாக்ஸில் எவ்வளவு கிடக்கு தம்பி?" என்று மட்டும் கேட்டார். திறந்து பார்த்தால் ஏறக்குறைய காலி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாசில் எடுத்த பாகம் சாய்ந்திருப்பதைக் கேமரா கண்டால், அதை மெஷின் அந்தப் பெட்டியில்தான் தள்ளும். பெட்டி காலி என்றால் நாசில் எதையும் எடுக்கவே இல்லை. ஆனால் டேப்பின் குழிகளும் காலி. அப்படியென்றால் பாகமெல்லாம் எங்கே?

குழிகளை மூடியிருந்து, ஃபீடரிலிருந்து உரிந்து தொங்கிய பிளாஸ்டிக் கவர் டேப்பை அக்கா விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அதன் அடிப்பக்கத்தில் கரும்புள்ளிகள், சில இடங்களில் நாலைந்து வரிசையாக. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், அத்தனையும் ரெசிஸ்டர்கள்! பிளாஸ்டிக்கைச் சட்டென உரிக்கும்போது நிலைமின்சாரம் உண்டாகிறது, உலர்ந்த காற்றில் இன்னும் அதிகமாக. இவ்வளவு லேசான பாகத்தைக் குழியிலிருந்து தூக்கிக்கொள்ள அதுவே போதும். ஃபீடரை மாற்றினாலும் அதே உலர்ந்த காற்றில்தானே டேப் உரிகிறது? சுவரில் இருந்த ஈரப்பத மீட்டர் 22 சதவீதம் காட்டியது. ஹியூமிடிஃபயர் எப்போது நின்றதோ, யாரும் கவனிக்கவில்லை. மீட்டர் என் தலைக்கு மேலேயே இருந்தது, ராத்திரி முழுக்க நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹியூமிடிஃபயரை ஓட விட்டோம். ஃபீடர் வரிசைக்கு எதிரே, நிலைமின்சாரத்தைப் போக்கும் அயனைசர் விசிறி ஒன்றை வைத்தோம், டேப் நகரும் வேகத்தையும் குறைத்தோம். ஈரப்பதம் 45-ஐத் தொட்ட பிறகு அந்த ஃபீடரில் அலாரம் வரவில்லை.

அதைவிட என்னை உறுத்தியது, நான் இறக்கிவிட்ட பிக் உயரம். பழைய அளவைக் குறித்து வைக்கவில்லை. நாசில் தேவைக்கு மேல் இறங்கினால் டேப்பின் குழியிலேயே பாகத்தை அழுத்தி விரிசல் விடச் செய்யும். விரிசல் விட்டது, சால்டரை உருக்கிப் பாகத்தை ஒட்டவைக்கும் ரிஃப்ளோவைத் தாண்டி, டெஸ்டிலும் தேறி வெளியே போய்விடலாம். அதனால் அந்த மாற்றத்துக்குப் பிறகு ஓடிய போர்டுகளைத் தனியே எடுத்து, அந்த ரெசிஸ்டர்களை மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அது முடிய மத்தியானம் ஆனது.