புது லேப்டாப்பில் முதலில் எதையெல்லாம் போடுவது?

தளிர்:

விண்டோஸ் 11 ஹோம், 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. வேலை இவ்வளவுதான்: கடிதம் அடிப்பது, அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திருத்தி அனுப்புவது, பிடிஎஃப் படிப்பது, வீடியோ பார்ப்பது, தமிழில் எழுதுவது. ஆபீஸுக்குச் சந்தா கட்டும் எண்ணம் இல்லை. "கட்டாயம் வேண்டிய 40 மென்பொருள்கள்" மாதிரிப் பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. கூடவே வந்த ஆண்டிவைரஸ் வேறு, 30 நாளில் காலாவதி என்று ஓயாமல் நச்சரிக்கிறது. எதைப் போடலாம், எதை விடலாம்? எது முதலில் என்ற வரிசை முக்கியமா?

கல்தச்சன்:

வரிசை மிக முக்கியம். எதையும் இறக்குவதற்கு முன் மூன்று வேலை இருக்கிறது.

முதலில் டிஸ்க்கின் சாவி. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த புது விண்டோஸ் 11 மெஷின்களில், ஹோம் பதிப்பிலும்கூட, டிஸ்க் பெரும்பாலும் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. செட்டிங்ஸ் > பிரைவசி அண்ட் செக்யூரிட்டி > டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், 48 இலக்க ரெக்கவரி கீயை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தாளில் குறித்து வையுங்கள். பயாஸ் (மெஷினைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆன பிறகோ மதர்போர்டு மாற்றிய பிறகோ மெஷின் திறக்காமல் நின்று அந்த எண்ணைக் கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் உள்ளே இருப்பது எதுவும் திரும்பக் கிடைக்காது. கணக்கின் கடவுச்சொல்லையும் அதே லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்தால், சாவியை உள்ளே போட்டுப் பூட்டிய கதைதான்.

அடுத்தது விண்டோஸ் அப்டேட். ஒரு தடவை ஓட்டினால் முடியாது. ரீஸ்டார்ட் செய்து, புதிதாக எதுவும் வராத வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஆப்ஷனல் அப்டேட்ஸில் காட்டும் டிரைவர்களை, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் மட்டும் தொடுங்கள். ஒழுங்காக ஓடும் வைஃபைக்குப் புது டிரைவர் தேவையில்லை.

பிறகு அந்த ஆண்டிவைரஸ். அது இருக்கும் வரை விண்டோஸ் டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆண்டிவைரஸ்) ஒதுங்கியே நிற்கும். காலாவதியான பின்னும் அப்படியே விட்டால், புது வைரஸ் விவரங்கள் வராத ஒரு காவலாளி வாசலில் நிற்கக்கூடும். இன்ஸ்டால்டு ஆப்ஸில் நீக்கி, ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டர் விழித்துவிட்டதா என்று பாருங்கள். இல்லையென்றால் மிச்சம் மீதி ஒட்டியிருக்கிறது என்று பொருள். ஆண்டிவைரஸ் தயாரிப்பாளரின் தளத்தில் முழுதாக நீக்குவதற்கென்றே ஒரு சிறு கருவி இருக்கும், அதை ஓட்டுங்கள். நீங்கள் சொன்ன பயன்பாட்டுக்கு டிஃபெண்டர் போதும்.

பனையோலை:

மேலே சொன்னது முடிந்ததும், உங்கள் வேலைக்கு நான் போடச் சொல்வது ஐந்துதான்: லிப்ரே ஆபீஸ் (வேர்டு, எக்செல்லுக்கு மாற்று), விஎல்சி (வீடியோ பார்க்க), 7-ஜிப் (சுருக்கிய கோப்புகளைத் திறக்க), சுமத்ரா பிடிஎஃப் (பிடிஎஃப் படிக்க), கீபாஸ்எக்ஸ்சி (கடவுச்சொற்களைச் சேமிக்க).

விஎல்சி எதற்கென்றால், ஃபோனில் எடுத்த ஹெச்இவிசி வடிவ வீடியோவைத் திறந்தால் விண்டோஸ் பிளேயர் காசு கொடுத்துக் கோடெக் (அந்த வடிவத்தைப் படிக்க உதவும் துணை மென்பொருள்) வாங்கச் சொல்லலாம். விஎல்சியில் அது உள்ளேயே இருக்கிறது. சுமத்ரா சின்னது, பிடிஎஃபோடு இபப் மின்னூலும் திறக்கும். ஆனால் பிடிஎஃப் படிவத்தை நிரப்ப அது சரிப்படாது. அதற்கு எட்ஜ் பிரவுசரே போதும்.

7-ஜிப் பற்றி ஒன்று. விண்டோஸ் 11 இப்போது ஆர்ஏஆர் என்ற சுருக்கிய கோப்பைத் தானே திறக்கிறது, கடவுச்சொல் போட்டது வந்தால்தான் மாட்டிக்கொள்ளும். 7-ஜிப்பை நிறுவியபின் ரைட் கிளிக் மெனுவில் அதைக் காணோமே என்று தேடாதீர்கள். "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" உள்ளே இருக்கும், அல்லது ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்யுங்கள். அது தன்னைத் தானே அப்டேட் செய்துகொள்ளாது என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய பதிப்புகளில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன.

தமிழுக்குத் தனி மென்பொருளே வேண்டாம். டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழைச் சேர்த்து, கீபோர்டாக ஃபொனெடிக் அல்லது தமிழ் 99 தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

தளிர்:

நன்றி. லிப்ரே ஆபீஸில் அலுவலகக் கடிதம் ஒன்றைத் திறந்தேன். ஒரு பக்கத்தில் இருந்தது இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. தமிழ் எழுத்தின் ஃபான்ட்டும் நான் மாற்றுவதற்குக் கட்டுப்படவில்லை. கோளாறு எங்கே?

பனையோலை:

இரண்டும் ஃபான்ட் சிக்கல். 2023 முதல் மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் இயல்பு ஃபான்ட் ஆப்டோஸ். அது விண்டோஸோடு வருவதில்லை. ஃபான்ட் இல்லாதபோது லிப்ரே ஆபீஸ் வேறொன்றை வைத்து நிரப்புகிறது. எழுத்தின் அகலம் மாறுவதால் வரி உடைந்து பக்கம் வழிகிறது. கடிதத்தில் ஒரு வார்த்தையில் கர்சரை வைத்து ஃபான்ட் பெட்டியைப் பாருங்கள். பெயர் சாய்வெழுத்தில் தெரிந்தால் அந்த ஃபான்ட் உங்களிடம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே ஆப்டோஸ் இலவசமாகக் கிடைக்கிறது, நிறுவிவிட்டு லிப்ரே ஆபீஸை மூடித் திறங்கள்.

தமிழுக்கு: டூல்ஸ் > ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை (சுருக்கமாக சிடிஎல்) டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். லிப்ரே ஆபீஸின் கணக்கில் ஆங்கிலத்துக்கு ஒரு ஃபான்ட், தமிழுக்கு வேறொரு ஃபான்ட். ஃபார்மட் > கேரக்டரில் சிடிஎல் என்ற இடத்தில் மாற்றினால்தான் தமிழ் எழுத்து அசையும்.

டூல்ஸ் > ஆப்ஷன்ஸிலேயே லோட்/சேவ் > ஜெனரலில் "ஆல்வேஸ் சேவ் ஆஸ்" என்பதை வேர்டு டாக்எக்ஸுக்கு மாற்றுங்கள். எக்செல்லுக்கும் தனியாக மாற்ற வேண்டும். மறந்தால் ஓடிடியாக (லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவம்) சேமித்து அனுப்பிவிடுவீர்கள். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) நிறைந்த எக்செல் கோப்புகளை மட்டும் நம்பித் திருத்தாதீர்கள், எல்லா மேக்ரோவும் இதில் ஓடாது.

நூல்கண்டு:

எதை இறக்குகிறோம் என்பதைவிட எங்கிருந்து இறக்குகிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்பை அழுத்தவே அழுத்தாதீர்கள். விஎல்சி போன்றவற்றின் பெயரில் போலித் தளங்கள் வருவது அங்கேதான். இறக்கிய கோப்பின் பிராப்பர்ட்டீஸில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ் தாவலைப் பாருங்கள். விஎல்சியில் வீடியோலேன் பெயர் இருக்கும். இதில் 7-ஜிப் விதிவிலக்கு: அசல் நிறுவியிலும் கையொப்பம் கிடையாது, "அன்நோன் பப்ளிஷர்" என்றே எச்சரிக்கை வரும். அதனால் அதை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள்.

நினைட் தளத்தில் வேண்டியதை டிக் செய்தால் ஒரே கோப்பாகத் தரும்; டூல்பார் எதையும் ஒட்டாது. அதே கோப்பைப் பிறகு ஓட்டினால், அதில் டிக் செய்தவற்றை அப்டேட் செய்துவிடும்.

ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் அப்டேட்டர், ரேம் பூஸ்டர் மூன்றும் வேண்டவே வேண்டாம். ரேம் பூஸ்டர் நினைவகத்தைக் காலி செய்வதுபோல் காட்டும்; தள்ளிவிட்டதை விண்டோஸ் மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வேண்டும், வேகம் குறையத்தான் செய்யும். 8 ஜிபியில் வித்தியாசம் தெரிய வேண்டுமானால் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையற்றதை டிஸேபிள் செய்யுங்கள்.

கல்தச்சன்:

கீபாஸ்எக்ஸ்சி பற்றி மேலே விவரம் வரவில்லை. கடவுச்சொற்கள் மொத்தமும் ஒரே கேடிபிஎக்ஸ் கோப்பில் இருக்கும். மாஸ்டர் கடவுச்சொல்லை மறந்தால் மீட்க யாராலும் முடியாது. கோப்பின் நகலை ஒரு பென் டிரைவில் வையுங்கள், ரெக்கவரி கீ எழுதிய தாளோடு சேர்த்து.

இன்னொன்று, இது மெஷினைத் திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டியது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க்இன்ஃபோவை ஓட்டி "பவர் ஆன் ஹவர்ஸ்" பாருங்கள். புது மெஷினில் சில மணி நேரம்தான் காட்ட வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அந்த எஸ்எஸ்டி ஏற்கெனவே எங்கோ ஓடியது. திரையைப் படம் பிடித்துக்கொண்டு விற்றவரிடம் கேளுங்கள்.