சீனர்கள் கலைக்குச் செலவழிக்கிறார்களா, டியூஷனுக்கா?

கடலோடி: "சீன நகரத்துக்காரன் நல்லா தின்பான், காசு சேர்ப்பான், கலைக்கு மட்டும் கை நீளாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சீனப் புள்ளியியல் துறையின் 2019 கணக்கில் கல்வி, பண்பாடு, பொழுதுபோக்குக்கு ஆளுக்கு 2,513 யுவான். குடும்பச் செலவில் 11.7 சதவீதம். இது நாடு முழுமைக்குமான சராசரி, நகரத்தில் இன்னும் கூடுதல்.

குறிஞ்சி: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம். அந்தத் தலைப்பின் முதல் சொல்லே கல்வி. பள்ளிக் கட்டணம், டியூஷன் பீஸ் எல்லாம் அதில்தான் வரும். அது கலையா?

கடலோடி: 11.7 சார். எட்டில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட.

குறிஞ்சி: குவாங்சோவில் ஆறு வருஷம் துணி வியாபாரம் பார்த்தவன் நான். கீழ்வீட்டில் பியானோ இருந்தது. மேலே வெல்வெட் துணி, துணிமேல் கணக்குப் பயிற்சித்தாள் கட்டு. பெண்பிள்ளைக்குச் சனி காலை ஆங்கிலம், மதியம் கணக்கு, ஞாயிறு பியானோ கிரேடு தேர்வுக்கு வகுப்பு. அந்தக் குடும்பம் தியேட்டருக்குப் போனது புத்தாண்டு விடுமுறையில் மட்டும்.

கடலோடி: பியானோ கலை இல்லையென்றால் எதுதான் கலை? வாயாலேயே ஒத்துக்கொண்டீர்கள். 11.7.

செவ்வந்தி: வூஹானில் மருத்துவம் படித்தவள் நான். அங்கே மாகாண அருங்காட்சியகத்தில் 1978-இல் தோண்டியெடுத்த 65 பழங்கால வெண்கல இசைமணிகளைக் காசு கொடுக்காமல்தான் பார்த்தேன். சாயங்காலம் பூங்காவில் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டிமார் வரிசையாக ஆடுவார்கள், அதற்கும் செலவில்லை. இதெல்லாம் உங்கள் சதவீதத்தில் வருமா அண்ணா?

கடலோடி: அம்மா, பேச்சு செலவைப் பற்றி. பாட்டிமார் ஆட்டத்துக்குத் தனி இழை தொடங்குங்கள்.

குறிஞ்சி: அந்தப் பெண் கேட்டதற்குப் பதிலைக் காணோம். சரி, 2020-இல் 2,032 யுவான், 9.6 சதவீதமாக விழுந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?

கடலோடி: கொரோனாவில் தியேட்டர்கள் ஜனவரி கடைசியிலிருந்து ஜூலை வரை மூடிக் கிடந்தன. தியேட்டர் மூடினால் விழுகிற காசு கலைக்காசுதானே?

குறிஞ்சி: பயிற்சி மையங்களும்தான் மூடிக் கிடந்தன!

கடலோடி: 2021 ஜூலையில் பாடங்களுக்கான டியூஷனில் லாபம் பார்க்கவே அரசு தடை போட்டது. அதன்பிறகும் 2023-இல் 10.8, 2024-இல் 11.3 சதவீதம், 3,189 யுவான். டியூஷன் காசு என்றால் ஏன் ஏறுகிறது? பதில் சொல்லுங்கள்.

குறிஞ்சி: தடை வந்தால் டியூஷன் நின்றுவிடுமா? வாத்தியார் வீட்டுக்கு வருகிறார், முன்னைவிட அதிகம் வாங்குகிறார். போன மாதம் யென்னையும் யுவானையும் போட்டுக் குழப்பியவரிடம் கணக்குப் பேசுவது என் தப்பு.

கடலோடி: அந்தப் பிழையை அன்றைக்கே திருத்திவிட்டேன், பதிவு அப்படியே இருக்கிறது. ஆறு வருஷம் இருந்ததாகச் சொல்கிறீர்கள், ஒரே ஒரு கீழ்வீட்டைத்தானே பார்த்திருக்கிறீர்கள்? நான் 140 கோடிப் பேரின் கணக்கைச் சொல்கிறேன்.

செவ்வந்தி: 140 கோடியில் கிராமமும் சேர்த்தி. பேச்சோ நகரத்துக்காரனைப் பற்றி.

கடலோடி: முதல் பதிவிலேயே சொன்னேன், நகரத்தில் இன்னும் கூடுதல் என்று. மறுபடி சொல்கிறேன்: 11.7.

குறிஞ்சி: அதில் டியூஷன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

கடலோடி: பியானோவை முதலில் கலையில் சேருங்கள், பிறகு பிரிக்கிறேன்.