நாலே வகை வாடிக்கையாளரா? பத்துக் கேள்வியில் ஆளை எடைபோட்டு விடலாமா?

சந்தைப்புலி:
வாங்குபவர்கள் நாலே வகை. சிக்கனக்காரர், பகட்டுப் பிரியர், பழகியதை விடாதவர், புதுசைத் தேடுபவர். பத்துக் கேள்வி போதும், யார் எந்த வகை என்று தெரிந்துவிடும். அதற்கேற்ப விளம்பர வாசகத்தை மாற்றினால் விற்பனை தானாக ஏறும். இதை இன்னும் ஏற்காதவர்கள் 1950-களிலேயே தங்கிவிட்டவர்கள்.

கணக்கன்:
1950-களா? சரி, அங்கேயே போவோம். 1959-ல ஃபிராங்க்ளின் எவன்ஸ்னு ஒரு ஆய்வாளர், ஃபோர்டு வச்சிருக்கிறவங்களுக்கும் செவ்ரோலெட் வச்சிருக்கிறவங்களுக்கும் ஆளுமைத் தேர்வு வச்சார். மதிப்பெண்ணைப் பார்த்து யாரிடம் எந்தக் கார்னு கணிச்சதில் சரியா வந்தது 63 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும். ஆளுமையை ஓரம்கட்டிட்டு வயது, வருமானம் மாதிரி விவரங்களை வச்சுக் கணிச்சா 70. இதுக்கு மேல என்ன வேணும்?

சந்தைப்புலி:
63 என்பது 50-ஐ விடப் பெரியது. உங்கள் பெயரில் மட்டும்தான் கணக்கு இருக்கிறது போல. லட்சம் பேரில் கூடுதலாகப் பதின்மூவாயிரம் பேரைச் சரியாகப் பிடித்தால் எந்த வியாபாரி வேண்டாம் என்பார்?

கணக்கன்:
70-ஐப் பற்றி ஒரு வார்த்தை காணோமே! வயசும் வருமானமும் ஏற்கெனவே பதிவேட்டில் இருக்கும், செலவு கிடையாது. உங்க 63-க்கு ஆளாளுக்குப் பத்துக் கேள்வி கேட்கணும், பாதிப் பேர் நடுவிலேயே கழன்றுக்குவாங்க. அந்த நாலு வகை எப்படி வந்ததுன்னும் சொல்லுங்க. ஒரே மாதிரி ஆட்களைக் கொத்துக் கொத்தாப் பிரிக்கிற மென்பொருளிடம் நாலுன்னு கேட்டா நாலு தரும், ஏழுன்னு கேட்டா ஏழு தரும். பாதிப் பேரில் பிரிச்சு, மீதிப் பாதியில் தனியாப் பிரிச்சுப் பாருங்க. அதே நாலு திரும்ப வந்தா அப்புறம் பேசலாம்.

வடிகட்டி:
இரண்டு பேரும் தப்பான இடத்தில் மல்லுக்கட்டுகிறீர்கள். எவன்ஸ் பயன்படுத்திய எட்வர்ட்ஸ் தேர்வு, சாதனை வேட்கை, ஆதிக்க ஆசை மாதிரி பொதுவான தேவைகளை அளப்பது. அது கார் வாங்குவதற்காகச் செய்த கருவியே அல்ல. வேறு வேலைக்குச் செய்த தேர்வுகளை அப்படியே கடன் வாங்கினால் இப்படித்தான் மங்கலாக வரும் என்று நுகர்வோர் ஆய்வாளர் கஸார்ஜியன் 1971-லேயே எழுதிவிட்டார்.

செலவழிக்கும்போது வரும் வலியை மட்டும் அளக்கும் கருவி உண்டு. ரிக், கிரைடர், லோவன்ஸ்டைன் 2008-ல் வெளியிட்டது. நாலே கேள்வி, மதிப்பெண் 4 முதல் 26 வரை. 11 வரை கைஇறுக்கம், 19 முதல் கைதாராளம். அனுப்பும் செலவை "5 டாலர் கட்டணம்" என்பதற்குப் பதில் "சிறிய 5 டாலர் கட்டணம்" என்று எழுதியதும் இறுக்கக்காரர்களில் கூடுதலான பேர் சம்மதித்தார்கள். தாராளக்காரர்கள் பெரிதாக அசையவில்லை. ஒரே ஒரு சொல், ஒரு வகையிடம் மட்டும் வேலை செய்கிறது.

சந்தைப்புலி:
இதைத்தானே நானும் சொன்னேன்!

வடிகட்டி:
இல்லை. நீங்கள் சொன்னது நாலு வகை. இது ஒரே அளவுகோல், பெரும்பாலானவர்கள் நடுவில்தான் விழுவார்கள்.

கணக்கன்:
63-ஐ விட்டுட்டு 2008-க்குத் தாவுறீங்க. 70 முன்னால 63 தோற்றதா இல்லையா? ஆமா, இல்லை, ரெண்டில் ஒண்ணு சொல்லுங்க.

தராசு:
வால்ஸ் (வாழ்க்கைமுறையை வைத்து வாங்குபவர்களைப் பிரிக்கும் முறை) பற்றிய திரியில் "வகைப்பாடு எல்லாமே ஜோசியம்" என்று முழங்கிய வடிகட்டியா இது? கொஞ்சம் நினைவுபடுத்துகிறேன். ஆர்னால்ட் மிட்செல் 1978-ல் கொண்டுவந்த வால்ஸில் ஒன்பது வகை. 1989-ல் திருத்தி எட்டாக்கினார்கள். இங்கே நாலாகிவிட்டது. இப்படியே போனால் ஒருநாள் எல்லாரும் ஒரே வகை, சண்டையும் தீர்ந்தது.

வடிகட்டி:
அந்தத் திரியில் நான் சொன்னதைப் பாதி வெட்டி ஒட்டாதீர்கள். உங்களுக்கு அது பழைய வழக்கம்.

சந்தைப்புலி:
2017-ல் முகநூலில் லட்சக்கணக்கானவர்களிடம் சோதித்தார்களே? கலகலப்பானவர்களுக்கு ஒரு விளம்பரம், அடக்கமானவர்களுக்கு வேறு. பொருத்தமானதைக் காட்டியபோது கொள்முதல் 50 சதவீதம் வரை கூடியது. இதையும் ஃபோர்டு காரில் ஏற்றி அனுப்புவீர்களா?

கணக்கன்:
யாருக்கு எந்த விளம்பரம் போகணும்னு குலுக்கலில் முடிவு பண்ணலை. வாங்கக்கூடியவங்களாப் பார்த்து முகநூலின் நிரலே காட்டிச்சு. அதனால கூடினது ஆளுமைப் பொருத்தத்தாலா நிரலாலான்னு பிரிச்சுச் சொல்ல முடியாதுன்னு 2018-ல அந்தச் சோதனை வெளியான அதே ஆய்விதழில் மறுப்பு வந்தது. அதைப் படிக்காம 50-ஐ மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க. போகட்டும், 63-க்கு வாங்க.

தராசு:
பத்துக் கேள்வி, பத்துக் கேள்வி என்கிறாரே, அதில் ஒன்றையாவது காட்டச் சொல்லுங்கள்.

சந்தைப்புலி:
"தேவையில்லாத செலவு நான் செய்வதில்லை." ஐந்து படி விடை.

வடிகட்டி:
இதற்கு யார் ஐயா "இல்லை" போடுவார்? பகட்டுக்காரரும் "முழுமையாக ஏற்கிறேன்" என்றுதான் போடுவார், உங்கள் பட்டியலில் சிக்கனக்காரராகி உட்காருவார். "விலை பார்க்காமல் எடுத்துவிட்டுப் பிறகு வருந்துவேன்" என்று எதிர்த்திசையில் இரண்டு கேள்வி கலந்து வையுங்கள். இரண்டு பக்கத்துக்கும் "ஆமாம்" போடுகிறவரைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சந்தைப்புலி:
வாடிக்கையாளரை நம்பாதவர்கள் வியாபாரத்துக்கு வரக்கூடாது.

தராசு:
வெட்டி ஒட்டுகிறேன் என்றவர் இன்னும் ஆதாரம் தரவில்லை.

கணக்கன்:
மூணாவது தடவை கேட்கிறேன் புலி. 63 பெருசா, 70 பெருசா?

சந்தைப்புலி:
50-ஐ விட 63 பெரியது. போதுமா?