மருந்தடிக்கிற விமானம், ஹெலிகாப்டர், ட்ரோன்: பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாகூர்ப் பையன்:
வணக்கம். இந்தச் சம்பாவில் என் ட்ரோன் கம்பியில் மாட்டிக்கொண்டது. பாகூர் ஏரிக்குக் கிழக்கே ஒருவருடைய நிலம், நாலு காணி. மோட்டார் கொட்டகைக்குப் போகும் கரண்ட் லைன் மூலையில் இருப்பதைக் காலையில் வண்டியை விட்டு இறங்கும்போதே பார்த்துவிட்டேன். ரிமோட்டில் கோடு போடும்போது அந்த மூலையை விட்டுவிட்டுத்தான் போட்டேன். எல்லாம் முடிந்து பேட்டரியைக் கழற்றப் போகிற நேரத்தில், "தம்பி, அந்த மூலையில ஒரு பத்துக் குழி விட்டுப்போச்சே" என்றார் நிலத்துக்காரர். சரி, கையாலேயே ஓட்டி அடித்துவிடலாம் என்று கிளப்பினேன். லைனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அதில் தட்டவில்லை. கம்பத்திலிருந்து சரிவாகத் தரைக்கு இறங்குமே ஸ்டே கம்பி, அதில் தட்டியது. இரண்டு கை முறிந்து, பேட்டரி சேற்றில், டேங்கில் மிச்சமிருந்த மருந்து மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. செலவு 43,000 ரூபாய். அதைவிட, பத்து நாள் கழித்துப் போனால் அந்த இடத்தில் மட்டும் பயிர் வட்டமாகக் கருகிக் கிடந்தது, மாவு சலித்த சல்லடையைக் கவிழ்த்து வைத்த மாதிரி. நிலத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் சங்கடம்.

பெரிய விமானத்தில் இந்த வேலை செய்கிறவர்களுக்கு இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று அன்றிலிருந்து ஒரே யோசனை. யாராவது நேரில் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

நெல்லிக்குப்பத்தான்:
நான் இருந்திருக்கிறேன் தம்பி. ஆஸ்திரேலியாவில் ரிவரினா பகுதி, லீட்டன் பக்கம். ஒரு சீசன் ஏர்ஸ்ட்ரிப்பில் லோடர் வேலை. நான் இருந்தபோது அங்கே நெல்லை விமானத்தில்தான் விதைத்தார்கள். விதையை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, முளை எட்டிப் பார்க்கிற பக்குவத்தில் லாரியில் கொண்டுவருவார்கள். நாம் நாற்றங்காலுக்கு மூட்டம் போடுகிற அதே வேலைதான், என்ன, கோணிச் சாக்குக்குப் பதில் டன் கணக்கில். அதை விமானத்தின் ஹாப்பரில், அதாவது உள்ளே இருக்கிற தொட்டியில், கொட்ட வேண்டியது என் வேலை. எஞ்சினை அணைக்க மாட்டார்கள். விமானம் இறங்கி நிற்கும், முன்னால் ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருக்கும், பின்பக்கமாக வந்து கொட்டிவிட்டுப் பின்பக்கமாகவே விலகிவிட வேண்டும். முதல் நாளே சொல்லிவிட்டார்கள்: தொப்பி பறந்தால் பறக்கட்டும், அதைப் பிடிக்க ஒரு எட்டு முன்னால் வைக்காதே. மூன்று நிமிடத்தில் அடுத்த லோடு ஏறிவிடும்.

மருந்தடிக்கும் நாளில் பயிருக்கு மேலே மூன்று நாலு மீட்டரில் பறப்பார்கள். பார்த்தால் நமக்கு வயிறு கலங்கும். வயல் ஓரம் வந்ததும் செங்குத்தாக மேலே ஏறி, ஒரு பக்கம் விலகி, வளைத்துத் திரும்பி மறுபடி இறங்குவார்கள். எங்கள் பைலட்டுக்கு ஐம்பது வயதுக்கு மேல். மதியம் டீ குடிக்கும்போது கேட்டேன், கம்பி எப்படி உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்று. தெரியாது என்றார். யாருக்கும் தெரியாதாம். கம்பத்தைத்தான் தேடுவார்களாம். கம்பத்தின் உச்சியில் பீங்கான் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்த்து, கம்பி எந்தத் திசையில் போகிறது என்று கணக்குப் போடுவார்களாம். புது வயல் என்றால் மேலே ஒரு வட்டம் அடித்து முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். அப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. தெரியாத கம்பியில் மாட்டுகிறவர்களைவிடத் தெரிந்த கம்பியில் மாட்டுகிறவர்கள்தான் அதிகமாம்.

ஏதோ டீக்கடைப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன். ஊருக்கு வந்தபிறகு தேடிப் பார்த்தால், அங்கேயுள்ள போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் அறிக்கையே போட்டிருக்கிறது. 2001 முதல் 2010 வரை பதிவான கம்பி மோதல்கள் 180, அதில் 100 விவசாய விமானங்கள். குறைந்தது 63 சதவீத மோதல்களில் அந்தக் கம்பி அங்கே இருப்பது பைலட்டுக்கு முன்பே தெரியுமாம். பார்த்திருக்கிறான், மனதில் குறித்திருக்கிறான், அப்புறம் வேறு எதிலோ கவனம் போய்விட்டது. உன் கதை அப்படியே அதுதான். அதிலும் எல்லாம் முடிந்த பிறகு விட்டுப்போன மூலையைச் சுத்தம் செய்யப் போவது அவர்களும் செய்கிற வேலை. அதில்தான் உஷாராக இருக்கணும் என்று எங்கள் ஆள் சொல்லுவார், ஏனென்றால் கோடு கோடாகப் போன ஒழுங்கு அப்போது கலைந்துவிடும்.

பழைய ஸ்பேனர்:
லாஸ்பேட்டையிலிருந்து. விமான மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பிகள் பேசுவதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இந்தத் தொழில் தொடங்கியதே ஒரு சோதனையாக. 1921 ஆகஸ்ட் 3, அமெரிக்காவில் ஓஹையோ மாநிலம், ட்ராய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோப்பு முழுக்கப் புழு. ராணுவ பைலட் ஜான் மெக்ரெடி ஒரு பழைய கர்டிஸ் விமானத்தில் ஈய ஆர்சனேட் தூளைத் தூவிக்கொண்டு போனார். ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த அந்தக் காலத்து மருந்து, இன்றைக்கு நினைத்தாலே பயம். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு, வேறு வேலைக்குச் செய்த விமானங்களில் தொட்டியை மாட்டித்தான் ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பயிற்சிக்கு வைத்திருந்த ஸ்டியர்மன் விமானங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கி, முன்சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே தொட்டி வைத்தார்கள். அது பறக்கக் கற்றுக்கொடுக்கச் செய்த விமானம். விழுந்தால் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்று யோசித்துச் செய்தது இல்லை.

ஃப்ரெட் வீக் என்று ஒரு எஞ்சினியர். டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் ஏஜி-1 என்று ஒன்றைச் செய்தார், 1950 டிசம்பர் 1 அன்று பறந்தது. விவசாயத்துக்கென்றே யோசித்துச் செய்த விமானம். அதன் யோசனை ரொம்ப எளிது: இந்த விமானம் என்றைக்காவது விழத்தான் போகிறது, அப்படி வைத்துக்கொண்டு செய். முன்னால் எஞ்சின், அடுத்து தொட்டி, அதற்கும் பின்னால், உயரத்தில் பைலட். தரையில் மோதினால் முதலில் எஞ்சின் நசுங்கும், அப்புறம் தொட்டி நசுங்கும், அடியின் வேகமெல்லாம் அங்கேயே செத்துவிடும். பைலட்டைச் சுற்றி முறியாத கூண்டு. உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் மூக்குக்குக் கீழேயும் பார்வை போகும். பிறகு அவரே பைப்பர் கம்பெனிக்குப் போய்ப் பானி விமானத்தைச் செய்தார், அது 1959 முதல் உலகம் முழுக்க ஓடியது. இன்றைக்குப் படத்தில் பார்க்கிற மருந்து விமானங்கள் எல்லாம் நீள மூக்கும் கூன் முதுகுமாக ஒரே சாடையில் இருப்பதற்குக் காரணம் இதுதான். அழகு பார்த்துச் செய்தது இல்லை.

சக்கரத்துக் காலிலும் முன்கண்ணாடியிலும் கத்தி மாதிரி ஒன்று வைத்திருப்பார்கள், கம்பி வந்தால் அறுக்க. கூண்டு உச்சியிலிருந்து வால் நுனி வரை ஒரு கேபிள் இழுத்துக் கட்டியிருக்கும், கம்பி மேலே வழுக்கிப் போய்விடட்டும், வால் சுக்கானில் சிக்க வேண்டாம் என்று. மெல்லிய கம்பிக்குத்தான் இதெல்லாம். நம் நெய்வேலியிலிருந்து வருகிற பெரிய கோபுர லைனில் மோதினால் கத்தியாவது ஒன்றாவது.

நம் நாட்டிலும் செய்தோம். பெங்களூரு எச்ஏஎல், அரசு விமானக் கம்பெனி, செய்த பசந்த் விமானம், அதன் இறுதி வடிவம் 1972 மார்ச்சில் பறந்தது. செய்த எண்ணிக்கை நாற்பதைத் தொடவில்லை, அதற்குள் நிறுத்திவிட்டார்கள். நம் நிலத்தின் அளவுக்கு அது சரிப்படுமா சொல்லுங்கள், ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்புக்குள் விமானம் எப்படித் திரும்பும்?

முந்திரித்தோப்பு:
பண்ருட்டி. நீங்கள் எல்லோரும் மேலே இருக்கிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் கீழே இருந்ததைச் சொல்கிறேன்.

என் பெரியம்மாவைக் கொடுத்தது கேரளாவில் காசர்கோட்டுப் பக்கம். நம் ஊர் மாதிரியே முந்திரி, ஆனால் எல்லாம் மேடும் பள்ளமும், தோட்டம் மேலே, வீடுகள் சரிவில் கீழே. தொண்ணூறுகளில் லீவுக்குப் போயிருந்தபோது ஒரு காலை ஹெலிகாப்டர் வந்தது. நாங்கள் பிள்ளைகள் எல்லாம் கையை ஆட்டிக்கொண்டு ஓடினோம். பெரியம்மா விளக்குமாற்றோடு துரத்தி வீட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். கிணற்றை மூட ஓலை போட்டிருந்தார்கள். ஆனால் அங்கே மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டித்தான் தண்ணீர் எடுப்பார்கள், மலைமேல் விழுவதெல்லாம் மழையோடு அதில்தான் இறங்கும், அதற்கு எந்த ஓலையைப் போடுவது? மறுநாள் முற்றத்தில் தேனீக்கள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. பெரியம்மா பெருக்கி முறத்தில் அள்ளினார், அந்தச் சத்தம், உலர்ந்த உளுத்தந்தொலி மாதிரி, இப்போதும் காதில் இருக்கிறது.

அந்தப் பூச்சிமருந்தின் பெயர் எண்டோசல்ஃபான். எழுபதுகளில் தொடங்கி 2000 வரை அடித்தார்கள். 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்கத் தடுத்தது, 2017-இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. பழைய ஸ்பேனர் ஐயா, ஒரு விஷயம் எனக்கு இன்றைக்குத்தான் உறைக்கிறது. தாழப் பறந்தால் பைலட்டுக்கு ஆபத்து. மலையிலும் மரத்திலும் மாட்டாமல் இருக்க உயரப் பறந்தால் மருந்து காற்றில் நகர்ந்து ஊர்மேல் விழுகிறது. அவனுக்குப் பத்திரமான உயரம் எங்களுக்குப் பத்திரமானது இல்லை.

வேலியோரம்:
இதெல்லாம் வெளியூர்க் கதை. நம்மிடம் ஆளுக்கு ஒரு கைத்தெளிப்பான், முகத்தில் துண்டு. ட்ரோனாவது வந்ததே என்று இருங்கள்.

வில்லியனூர் அக்கா:
வேலியோரம் தம்பி, அந்தத் துண்டு மூஞ்சியில் கட்டின ஆட்களை எமர்ஜென்சியில் பார்க்கிற நர்ஸ் நான். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் ஊற்றும், சட்டை பிழிகிற அளவு வேர்வை. அட்ரோபின் என்கிற முறிவு மருந்தை ஏற்றிக்கொண்டே இருப்போம். ஆர்கனோஃபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்து அப்படித்தான் செய்யும். இப்போது அதே ஆளை விமானத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். கண்மணி சுருங்கினால் வெளிச்சம் மங்கும், தூரம் பிடிபடாது. கொஞ்சமாக ஏறினால் அவனுக்கே தெரியாது, தலைவலி, வெயில் என்று நினைப்பான். அப்படியிருக்க, மூன்று மீட்டர் உயரத்தில் எங்கே கம்பியைப் பார்ப்பது?

நெல்லிக்குப்பத்தான் தம்பி, ஒன்று கேட்கணும். மருந்து கலக்கின நாளில் கையுறை போட்டாயா? கேனிலிருந்து நேரே ஊற்றுகிறவனுக்குத்தான் முதலில் ஏறும். பைலட்டுக்கு அப்புறம்தான்.

நெல்லிக்குப்பத்தான்:
போட்டேன் அக்கா. முதல் வாரம் போடவில்லை, திட்டு வாங்கினேன். அங்கே குழாயை மாட்டி மூடின வழியாகவே உறிஞ்சி ஏற்றுவார்கள், கேனைத் தூக்கி ஊற்றுவது குறைவு.

இன்னொன்றும் சொல்லணும். சீசனில் எங்கள் ஆள் விடியற்காலை நாலரைக்கு வருவார், காற்று கிளம்புவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று. சாயங்காலம் காற்று அடங்கினதும் மறுபடி. நடுவில் தகரக் கொட்டகையில் தூக்கம், சூட்டில் அது தூக்கமே இல்லை. அமெரிக்காவில் 2013-இல் மட்டும் இந்தத் தொழிலில் 78 விபத்து, 9-இல் உயிர் போயிருக்கிறது. அங்கேயுள்ள போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அடுத்த வருடம் அறிக்கை போட்டபோது, பைலட்டின் களைப்பையும் பராமரிப்பையும் சேர்த்தே சொன்னது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கடைசி வாரம் ஒரு நாள் அவர் தரையிறங்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, அப்படியே கால் மணி நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் ஏணியோடு போய் என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, கம்பிக்குக் கீழே போனேனா மேலே போனேனா என்று யோசிக்கிறேன், ஞாபகம் வரவில்லை என்றார். அன்றைக்கு மிச்ச வேலை வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டார். முதலாளி கத்தினார். கத்தட்டும்.

பழைய ஸ்பேனர்:
அவர்தான் பைலட்.

பாகூர்ப் பையன்:
எல்லோருக்கும் நன்றி. முந்திரித்தோப்பு அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று அடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் என்று பத்து தடவை பார்த்தேன், பக்கத்து வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மாக்களை வரப்புக்கு அப்பால் போகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன், அரை மணி நேரம் போய்விட்டது. ட்ரோனில் உட்கார்ந்து யாரும் சாகப் போவதில்லை, அது ஒரு ஆறுதல்தான். ஆனால் நான் வரப்பில் நிற்கிறேன், அது தப்பி வந்தால் என்மேல் வரும்.

அதே நாலு காணிக்கு இந்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். போனதும் முதலில் ஸ்டே கம்பியில் அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து, கைக்கெட்டும் உயரம் வரை மூன்று இடத்தில் கட்டினேன். லைனைத் தொடவில்லை, பயப்படாதீர்கள். நிலத்துக்காரர் பார்த்துவிட்டு, "என்னப்பா, கம்பத்துக்கு வேண்டுதலா" என்று சிரித்தார். மூலையில் பத்துக் குழியை விட்டுவிட்டேன். அதற்குக் காசு கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். கைத்தெளிப்பான் வைத்து நானே அடித்துக்கொள்கிறேன் என்றார். கருகின வட்டத்தில் புது நாற்று நட்டிருக்கிறார், மற்ற பயிரைவிட ஒரு சாண் குட்டை.