ஒரே சோர்ஸ், ஒரே கம்பைலர், ஆனாலும் ஹேஷ் ஏன் மாறுகிறது?

ஒரே சோர்ஸை இரண்டு முறை பில்ட் செய்து, கிடைத்த ஃபைல்களின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை எண்) ஒத்துவரவில்லை என்றதும் கம்பைலரைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் எத்தனை பைட் மாறியிருக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். விண்டோஸ் இஎக்ஸ்இ என்றால், அதன் தொடக்கத் தகவல் பகுதியான பிஇ ஹெடரில் 4 பைட் டைம்ஸ்டாம்ப் உண்டு. லிங்கர் (கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் ஃபைல்களை ஒன்றாக இணைக்கும் கருவி) ஓடிய நொடி அதில் பதிவாகும். டிபக் தகவல் இருக்கும் பிடிபி ஃபைலும் சேர்ந்து வந்தால், அதற்கான 16 பைட் அடையாள எண்ணான ஜியுஐடி-யும் மாறும். லிங்கருக்கு /பிரெப்ரோ ஆப்ஷன் கொடுத்தால் நேரத்துக்குப் பதில் உள்ளடக்கத்தின் ஹேஷ் போய் உட்காரும்.

———

லினக்ஸில் கதை வேறு. லினக்ஸ் புரோகிராம் ஃபைலின் வடிவமான இஎல்எஃப்-இன் ஹெடரில் நேரமே கிடையாது; அங்கே முக்கால்வாசி நேரம் பாத் தான் குற்றவாளி. டிபக் தகவல் சேர்க்க -ஜி போட்டால் பில்ட் நடந்த டைரக்டரியின் முழு பாத் டிபக் தகவலுக்குள் போய்விடும். டிபக் தகவலை நீக்குவதுதான் ஸ்ட்ரிப். "ஸ்ட்ரிப் செய்துவிட்டேனே, 20 பைட் மட்டும் இன்னும் மாறுகிறதே" என்று பலர் குழம்புவார்கள். அது பில்ட்-ஐடி, அதாவது அந்த பில்டின் அடையாள எண். டிபக் பகுதிகளையும் சேர்த்து லிங்கர் கணக்கிட்ட ஹேஷ் என்பதால், ஸ்ட்ரிப் செய்த பிறகும் பழைய பாத்தின் சுவடு அதில் நிற்கும். கோடில் அசெர்ட் (நிபந்தனைச் சோதனை) இருந்தால், சோர்ஸ் ஃபைலின் பெயரைத் தரும் __ஃபைல்__ மேக்ரோ வழியாக வரும் பாத்தும் ஸ்ட்ரிப்பில் போகாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: ஜிசிசி கம்பைலரில் 8-ஆம் பதிப்பு முதல் உள்ள -எஃப்ஃபைல்-பிரிஃபிக்ஸ்-மேப். பாத்தின் முன்பகுதியை நிலையான ஒன்றாக மாற்றிவிடும்.

———

கம்பைல் ஆன தேதியையும் நேரத்தையும் உள்ளே போடும் __டேட்__, __டைம்__ மேக்ரோக்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று -டபிள்யூடேட்-டைம் ஆப்ஷன் காட்டிக்கொடுக்கும். அடுத்தவர் எழுதிய கோடு, நீக்க முடியாது என்றால், கடைசி கமிட்டின் யூனிக்ஸ் நொடியை (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) சோர்ஸ்_டேட்_எபாக் என்ற சூழல் மாறியில் வையுங்கள். ஜிசிசி 7 முதல் அதை மதிக்கும். ஸ்டாட்டிக் லைப்ரரி கட்டும்போது அதைத் தொகுக்கும் ஏஆர் கட்டளையில் டி சேர்த்தால் நேரமும் யூசர் ஐடியும் பூஜ்யமாகும்.

———

மாற்றம் ஃபைல் முழுக்கப் பரவியிருந்தால், ஆப்ஜெக்ட் ஃபைல்கள் லிங்கருக்குப் போன வரிசையைப் பாருங்கள். பில்டை ஓட்டும் க்னூ மேக் கருவியின் 3.82-இல், வைல்ட்கார்ட் (ஒரே மாதிரிப் பெயருள்ள ஃபைல்களைத் திரட்டுவது) முடிவுகளை வரிசைப்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள், 4.3-இல்தான் திரும்ப வந்தது. இடைப்பட்ட பதிப்புகளில் ஃபைல் சிஸ்டம் கொடுத்த வரிசைதான். மேக்ஃபைலில் சார்ட் போட்டுவிடுங்கள். ஷெல்லில் வரிசைப்படுத்தினால் எல்சி_ஆல்=சி அவசியம்; இல்லாவிட்டால் லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) மாறும்போது வரிசையும் மாறும்.

———

சரிபார்க்க, அதே டைரக்டரியில் இரண்டு முறை கட்டுவது போதாது. பாத் சிக்கல் அதில் தெரியவே தெரியாது. இரண்டாவது பில்டை வேறு டைரக்டரி, வேறு டைம்சோன், வேறு -ஜே எண்ணில் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) ஓட்டி, ஃபைல்களை ஒப்பிடும் டிஃபோஸ்கோப்பில் இரண்டையும் கொடுங்கள். எந்த செக்ஷனில் வித்தியாசம் என்று பிரித்துக் காட்டும். டிஜிட்டல் கையொப்பம் போடுவதற்கு முன்பே ஒப்பிட்டுவிடுங்கள்; கையொப்பத்தோடு நேர முத்திரையும் ஏறினால் ஹேஷ் எப்படியும் மாறும்.